சிப்பிப்பாறை, கன்னி நாய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் 14 ஆண்டுகளாக இந்த நாய்கள் இருக்கின்றன. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். குட்டி வாங்கியவர்கள் ராத்திரி பத்து மணிக்கு அழைத்துக் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்து, பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இவ்வளவு ஒல்லியாக இருக்கிறதே, சோறு போடுகிறீர்களா இல்லையா?

வயிறாரப் போடுகிறோம். இது ஓடுவதற்கென்றே அமைந்த உடல். நெஞ்சுக்கூடு ஆழமாக இறங்கியிருக்கும், வயிறு ஒட்டி மேலேறியிருக்கும், தோல் மெல்லியது, தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் நாய்க்கும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் நிழலாகத் தெரியும்.

விலாவைப் பார்க்காதீர்கள், தொடையைப் பாருங்கள். பின்னந்தொடைச் சதை திரண்டு இறுகி, ரோமம் மினுமினுப்பாக இருந்தால் நாய் நன்றாக இருக்கிறது. தொடை வற்றி, ரோமம் மங்கி, தலை தொங்கியிருந்தால் குடற்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ பட்டினியோ இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நன்றாக இருக்கும் நாயை, பார்ப்பவர் சொல்லுக்காகக் கொழுக்கவைத்தால் மூட்டுகள்தான் முதலில் கெடும்.

சிப்பிப்பாறை என்பது ஊர்ப் பெயரா, நாயின் பெயரா?

இரண்டும். விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம் சிப்பிப்பாறை என்ற ஊர் இருக்கிறது. ஆனால் நாய் அந்த ஒரே ஊருக்குச் சொந்தமானதில்லை. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் கரிசல் காடு முழுவதும் இதன் வீடுதான். அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடக்கும் கரிசல் நிலத்தில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பது அந்தக் காலத்தில் இதன் தொழில். மோப்பம் பிடித்து மெதுவாகத் தேடும் நாய்களின் வகை வேறு. இதைக் கண்ணால் வேட்டையாடும் நாய் என்று நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பாதிப் பதில்கள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தோள்பட்டை வரையிலான உயரம் சுமார் 2 அடி. எடை பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்தியக் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டுள்ளது. அரியானாவின் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம், காங்கேயம் மாட்டைப் பதிவு செய்ததைப் போலவே, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகிய நாய்களையும் பதிவு செய்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் மாதாந்திர வானொலி உரையில் நாட்டு நாய்களின் பெயர்களைச் சொன்னபோது சிப்பிப்பாறையும் கன்னியும் அதில் இருந்தன. என்னிடம் குட்டி கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் பெருகியது. அதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு.

கன்னியும் சிப்பிப்பாறையும் ஒன்றா, வேறா?

இந்தக் கேள்வியில் டீக்கடைகளில் நட்பு முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். கென்னல் கிளப்பின் ஏட்டில் இரண்டும் தனித்தனி. முதுகு கறுப்பாகவும் புருவம், கன்னம், நெஞ்சு, கால்கள் ஆகியவற்றில் செம்பழுப்பு அல்லது பால் நிறமாகவும் இருப்பது கன்னி. செவலை, மயிலை, சந்தனம், சாம்பல் என்று மற்ற நிறங்களில் வருவது சிப்பிப்பாறை.

எங்கள் பக்கத்தில் வழிவழியாக வளர்க்கும் பலர், நாய் ஒன்றுதான், நிறத்துக்குத்தான் பெயர் என்கிறார்கள். மாட்டை மயிலை, காரி, செவலை என்று பிரித்துச் சொல்கிற மக்கள் நாயையும் நிறத்தால் பெயரிட்டதில் வியப்பில்லை. உடற்கட்டிலும் குணத்திலும் இரண்டுக்கும் நான் வேறுபாடு கண்டதில்லை. ஆகையால் இந்தப் பக்கத்தில் சிப்பிப்பாறை என்று எழுதியிருப்பதெல்லாம் கன்னிக்கும் பொருந்தும். கன்னி என்ற பெயர், மணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் வந்தது என்று சொல்வார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது.

ராஜபாளையம், கோம்பை இவற்றிலிருந்து எப்படிப் பிரித்து அறிவது?

ராஜபாளையம் இதைவிட உயரமும் எலும்புக் கனமும் கொண்டது, பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. தேனி மாவட்டத்துக் கோம்பை கட்டுக்குட்டான உடம்பு, செம்பழுப்பு நிறம், வாய்ப்பக்கம் கறுப்பு. பன்றியை எதிர்த்து நின்ற நாய் அது. கோம்பையை எதிர்த்து நிற்கும் நாய் என்றும் சிப்பிப்பாறையைத் துரத்தி ஓடும் நாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டை நாய் என்றால் ஆளைக் கடிக்குமே? குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

முயலைத் துரத்துவதும் மனிதனைக் கடிப்பதும் நாயின் மனத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அந்தக் காலத்தில் வேட்டைக்கு நாலைந்து வீட்டு நாய்களும் பத்துப் பதினைந்து ஆட்களும் சேர்ந்து போனார்கள். ஆட்கள் மேல் பாயும் நாயை அந்தக் கூட்டத்தில் யாரும் வைத்திருக்கவில்லை. அதனால் வளர்ந்த சிப்பிப்பாறை பெரும்பாலும் அந்நியரிடமிருந்து விலகி நிற்கும். தடவ வந்தால் நழுவிவிடும்.

அச்சத்தால் வரும் கடிதான் கவனிக்க வேண்டியது. ஒதுங்க வழியில்லாமல் மூலையில் மடக்கினால், தூங்கும்போது மேலே விழுந்தால், எந்த நாயும் பல்லைக் காட்டும். இதன் தோல் மெல்லியது என்பதால் குழந்தை கிள்ளினால் மற்ற நாய்களைவிட இதற்கு அதிகம் வலிக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள். நாய்க்கென்று யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலை வேண்டும். அங்கே போய்ப் படுத்துவிட்டால் கூப்பிடக் கூடாது என்று வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். என் மகள் நடை பழகியதே எங்கள் கன்னிப் பெட்டையின் முதுகைப் பிடித்துத்தான். ஆனாலும் பக்கத்தில் நாங்கள் இல்லாமல் அவர்களை விட்டதில்லை.

குரைக்கவே மாட்டேன் என்கிறது. காவலுக்கு ஆகுமா?

இரையைக் கண்டதும் குரைத்தால் இரை தப்பிவிடும். பல தலைமுறைகளாக வாயை மூடிக்கொண்டு ஓடிய நாய் இது. வாசலில் ஆள் வந்தால் எழுந்து நின்று பார்க்கும், காதை நிமிர்த்தும், ஒன்றிரண்டு முறை குரைக்கும். அந்த அளவு உங்களுக்குப் போதுமானால் சரி. தோட்டக் காவலுக்கு வேண்டும் என்பவர்களிடம், இது வேண்டாம் என்று நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். காவலுக்கென்று வாங்கி, குரைக்காததால் ரோட்டில் விடப்பட்ட மூன்று நாய்களை இதுவரை எடுத்துவந்திருக்கிறேன்.

எங்கள் நாய் என் கணவரிடம் மட்டும்தான் போகிறது. நான்தான் சோறு போடுகிறேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன்?

சிப்பிப்பாறை வீட்டில் ஒருவரைத் தனக்கென்று தேர்ந்தெடுத்துக்கொள்வது பொதுவாகக் காணும் குணம். சோறு போடும் கைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. தன்னை வெளியே ஓட்டத்துக்கு அழைத்துப் போகிறவர், நிதானமான குரல் உள்ளவர், இவர்களிடம்தான் முதலில் ஒட்டும். காலை நடையை வாரத்தில் நான்கு நாள் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும்.

வளர்ந்த நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்தால் சில நாட்கள் உண்ணாமல் கிடப்பதும் இதனால்தான். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு அடி போட்டால்தான் படியும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

இந்த நாயிடம் அது நடக்காது. அடி வாங்கிய சிப்பிப்பாறை படிவதில்லை, ஒடுங்கிவிடுகிறது. வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு, உங்களைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதைப் பணிவு என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. குரலை உயர்த்தினாலே ஒருநாள் முழுக்க முகம் கொடுக்காமல் இருக்கும் நாய்க்கு அடி எதற்கு?

அவித்த முட்டைத் துண்டு, ஈரல் துண்டு, ஐந்து நிமிடப் பயிற்சி, அதற்குமேல் வேண்டாம். ஒன்றையே பத்து முறை செய்யச் சொன்னால் நான்காவது முறை எழுந்து போய்விடும். உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். நீண்ட கால்களும் இறுகிய தொடைகளும் உள்ள இதற்கு உட்காரும் நிலை சுகமானதில்லை. நிற்கவோ படுக்கவோ சொல்லுங்கள், உடனே செய்யும்.

வீட்டில் சொன்னதெல்லாம் கேட்கிறது. வெளியே அவிழ்த்துவிட்டால் கூப்பிட்டு வருவதே இல்லை. என்ன செய்வது?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. நீண்ட மூக்குள்ள நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடையான ஒரு பட்டையாகச் செறிந்திருக்கின்றன. தொடுவானத்தின் ஓரத்தில் ஏதாவது அசைந்தால், நீங்கள் அறிவதற்கு முன் அது அறிந்துவிடும். கண்டவுடன் பாய்ச்சல். அந்தப் பாய்ச்சலில் கால்வீச்சின் ஒரு சுற்றுக்கு இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும், உடல் முழுவதும் வில்லாக வளைந்து நிமிரும். அந்த நேரத்தில் உங்கள் குரல் அதற்கு எட்டுவதில்லை. அது கீழ்ப்படியாமை இல்லை. இரை ஓடும் பக்கம் தானே முடிவெடுத்து ஓடுவதற்காகத்தான் நம் முன்னோர் இதைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். யாரையும் திரும்பிப் பார்க்காத நாய்தான் அன்று நல்ல நாய்.

எங்கள் முதல் நாய் ஒரு மயிலை. ஒருநாள் காலையில் வாயிற்கதவின் கொண்டியை நான் சரியாகப் போடவில்லை. எதிர்ப்புறம் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளியது. சாலையில் லாரி வந்ததை அது பார்க்கவே இல்லை. இரண்டு வயது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கதவுகள், ஒன்றைப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் திறப்போம்.

குட்டி வந்த முதல் வாரத்திலிருந்தே ஒரு விசிலுக்குப் பழக்குங்கள். விசில் கேட்டால் தின்ன ஏதாவது கிடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். திட்டுவதற்காகவோ ஊசி போடுவதற்காகவோ அந்த விசிலைப் பயன்படுத்தாதீர்கள். 10 மீட்டர் கயிற்றில் கட்டி மைதானத்தில் பழக்குங்கள். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை பழகியதெல்லாம் மறந்ததுபோல் நடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும், சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். சுவர் 6 அடியாவது இருக்கட்டும். 4 அடிச் சுவரை நின்ற இடத்திலிருந்தே தாண்டும்.

வீட்டில் பூனையும் கோழிகளும் இருக்கின்றன. பழகுமா?

இரண்டு மாதக் குட்டியாக வந்து, வளர்ந்த பூனையிடம் ஓர் அறை வாங்கியிருந்தால் அந்தப் பூனையோடு பழகிவிடும். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது. வீட்டுப் பூனையே முற்றத்தில் ஓட்டம் பிடித்தால் முந்தைய பதிலில் சொன்னதுதான் நடக்கும். கோழியைப் பொறுத்தவரை நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. கம்பிவலைக் கூண்டு போடுங்கள்.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்க்கலாமா?

பலர் நினைப்பதற்கு மாறாக, வீட்டுக்குள் இது சோம்பேறி. நாளில் பெரும்பகுதி தூங்கும், குரைத்து அண்டை வீட்டாரைத் துன்புறுத்தாது. இடப்பற்றாக்குறை பெரிய தடையில்லை. காலை, மாலை 45 நிமிட நடையும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுவர் சூழ்ந்த இடத்தில் முழு வேக ஓட்டமும் உங்களால் தர முடியுமா என்பதுதான் கேள்வி. மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் பாருங்கள். கீழே ஓடும் பூனைக்காக மாடியிலிருந்து குதித்த நாயைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். சென்னையில் மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி வளர்ப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமலிருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கூழ் ஊற்றித்தானே அந்தக் காலத்தில் வளர்த்தார்கள். இன்று மட்டும் ஏன் கறி?

கம்பங்கூழும் கேப்பைக் களியும் ஊற்றியது உண்மை. அதோடு முயலின் குடலும் தலையும் எலும்பும் அதன் பங்காகக் கிடைத்தன என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வேட்டை இல்லாத இன்று அந்தப் பங்கை நாம்தான் ஈடுகட்ட வேண்டும். கம்பு, கேப்பை, அரிசி எதுவானாலும் நன்றாக வேகவைத்து, கோழிக்கறி, முட்டை, ஈரல், மீன் ஏதாவது ஒன்றைச் சேருங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு ஆகாது.

ஒரே வேளையில் குவித்துப் போடாமல் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். தின்றதும் ஓட விடாதீர்கள். ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு மத்தளமாக உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்து, எச்சில் ஒழுகி நிலைகொள்ளாமல் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

சிவகாசிப் பக்கத்து நாய்க்கு வெடிச் சத்தம் பழகியிருக்குமே? ஏன் தீபாவளிக்கு இப்படி நடுங்குகிறது?

பிறந்த ஊர் காதைப் பழக்குவதில்லை. தீபாவளியன்று பொழுது சாயும் முன்பே நடத்தி அழைத்துவந்து, நடு அறையில் படுக்கை போட்டு, சன்னலை மூடி மின்விசிறியை வேகமாக ஓடவிடுங்கள். மிகவும் அஞ்சும் நாய்க்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கிவையுங்கள். காணாமல் போன நாய்களைத் தேடி நான் அலைந்ததெல்லாம் பெரும்பாலும் தீபாவளிக்கு மறுநாள்தான்.

கருத்தடை அறுவை செய்யப்போகிறோம். மருத்துவரிடம் தனியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். இது கிரேஹவுண்ட் என்ற வெளிநாட்டுப் பந்தய நாயைப் போன்ற உடலமைப்புள்ள நாய் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயோபென்டோன் என்ற மயக்க மருந்தை கிரேஹவுண்டின் உடல் மிக மெதுவாகத்தான் கழிக்கும், கொழுப்பும் குறைவு என்பதால் மயக்கம் நெடுநேரம் தெளியாமல் ஆபத்தாகலாம். இன்று அதற்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் தேர்ந்துகொள்வார். கிரேஹவுண்டுகளுக்கு இரத்தத்தில் சிவப்பணு அளவு மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவும் தட்டணுக்கள் குறைவாகவும் இருப்பது இயல்பு. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போது அதையும் மனத்தில் கொள்ளச் சொல்லுங்கள். மயக்கம் தெளியும் வரை போர்வை போர்த்திவையுங்கள், இதற்குச் சட்டென்று குளிர்ந்துவிடும்.

வேட்டை இதன் இரத்தத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள். ஒரே ஒருமுறை முயலுக்கு அழைத்துப் போனால் என்ன?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. துரத்துவதையும் விரட்டுவதையும் அதற்கான முயற்சியையும் வேட்டை என்றே சொல்கிறது. முயல் தப்பிவிட்டது என்பது வாதமாகாது. சிவராத்திரியை ஒட்டி நடந்த பாரிவேட்டையும் இதில் அடங்கும்.

என் தாத்தா முயலுக்குப் போனவர். அந்தத் திறமையில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அன்றிருந்த காடும் முயலும் இன்று இல்லை. நாய்க்கு வேண்டியது கண்ணுக்கு முன்னால் ஓடும் ஒரு பொருள், அவ்வளவுதான். நீளமான கயிற்றின் நுனியில் பழைய துணியைக் கட்டி, மூங்கில் கழியில் சுழற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நாக்குத் தள்ளி, மனம் நிறைந்து படுத்துவிடும். சிறு குட்டியாக இருக்கும்போது இதை அளவோடு செய்யுங்கள், எலும்பு முற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

குட்டி அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குட்டியைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. தாயைப் பாருங்கள், முடிந்தால் கடுவனையும் பாருங்கள். பந்தயத்துக்காகக் கிரேஹவுண்ட் கலந்த நாய்கள் நிறைய இருக்கின்றன. தொடையும் கழுத்தும் மிதமிஞ்சித் தடித்திருந்தால் விசாரியுங்கள். தாய் ஆளைக் கண்டு நடுங்கி ஒளிந்தால், எத்தனை அழகான குட்டியானாலும் விட்டுவிடுங்கள். விலகி நிற்பது இயல்பு, நடுங்குவது இயல்பில்லை. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. முப்பதாம் நாளே எடுத்துக்கொண்டு போங்கள் என்பவரிடம் வாங்காதீர்கள்.

வயதான பிறகு ஓடாதே. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேட்கும்போதே எனக்கு மனம் வலிக்கும் கேள்வி, ஆனாலும் கேட்கிறார்கள். நன்றாக வளர்த்தால் 12, 13 ஆண்டுகள் இருக்கும். அதில் முழு வேகத்தில் ஓடுவது ஏழெட்டு ஆண்டுகள்தான். எலும்புக்கும் தரைக்கும் இடையே கொழுப்பு இல்லாத உடம்பு என்பதால் வெறும் சிமெண்ட் தரை முழங்கையிலும் இடுப்பிலும் புண்ணாக்கிவிடும். கனமான மெத்தை வேண்டும், மார்கழியில் சட்டை வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைப் பார்க்க வேண்டும்.

எங்கள் கன்னிப் பெட்டைக்கு இப்போது 12 வயது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் திண்ணை வரை மெதுவாக வந்து, கிழக்கே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மயிலோ ஆடோ அசைந்தால் காது நிமிரும், பின்னங்கால் தொடை ஒருமுறை துடிக்கும். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும்.